ஒரு கிராம் கடோலினியம்

அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதயத்தை 'டை ஏத்தி' எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, வழமையான அளவின்படி பன்னிரண்டு மில்லிலீற்றர் தெளிந்த மருந்து கை நாளத்துக்குள் போகிறது. அதில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகத்தை மட்டும் பிரித்து நிறுத்தால் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறையும். செட்டியார் தெருக் கணக்கில் அரைக்கால் பவுண் கூட வராது. அந்தச் சிறு உலோகம் உடம்பெல்லாம் சுற்றி, இதயத்தின் இடது மேலறைச் சுவரில் எங்கெங்கே தழும்பு விழுந்திருக்கிறது என்று காட்டிவிட்டு, பெரும்பாலும் ஒரே நாளில் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. மனித உடம்பில் அது இருக்கும் நேரம் அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அது போகும் வழி மிக நீளம்.

சுவீடனில் ஸ்டொக்ஹோமுக்கு அண்மையில் இத்தர்பி என்று ஒரு சிற்றூர். பீங்கானுக்கு வேண்டிய ஃபெல்ஸ்பார் கல்லை அங்கே உடைத்தார்கள். 1787இல் கார்ல் ஆக்சல் அரேனியஸ் என்ற படை அதிகாரி அந்தக் கல்லுடைப்பில் கறுத்த, பாரமான ஒரு புதுக் கல்லைக் கண்டெடுத்தார். அது இன்று பின்லாந்தில் துர்கு எனப்படும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பேராசிரியராக இருந்த யோஹான் கடோலின் கல்லைப் பகுத்துப் பார்த்து, அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் அதற்குள் இருக்கிறது என்று 1794இல் எழுதினார். கல்லுக்குக் கடோலினைற் என்று அவர் பெயரே நிலைத்தது. 1880இல் ஜெனீவாவில் மரின்யாக் என்ற வேதியியலாளர் புதிய தனிமம் ஒன்றின் தடயத்தைக் கண்டார். 1886இல் பிரெஞ்சுக்காரர் லுகொக் து புவாபோதிரான் அதைப் பிரித்தெடுத்து, கடோலினின் நினைவாகக் கடோலினியம் என்றார். கடோலின் இறந்து அப்போது முப்பத்து நான்கு வருடம். அவர் பெயரைத் தாங்கிய கல்லிலோ இந்தத் தனிமம் மிகக் கொஞ்சமாகவே இருக்கிறது. பெயர் சூட்டும் விடயத்தில் விஞ்ஞானம் அவ்வளவு நியாயம் பார்ப்பதில்லை.

இலங்கையிலும் இதே குடும்பத்துக் கற்களைத் தேடி அலைந்த ஒருவர் இருந்தார், அதுவும் நம்மவர். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனத்தைப் பற்றியும் கீழைக் கலைகளைப் பற்றியும் எழுதிய அந்தக் குமாரசுவாமிதான். கலைக்கு வருமுன் அவர் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவின் முதல் பணிப்பாளர். சப்பிரகமுவாவின் இரத்தினக்கல் கழுவும் இடங்களில் கிடைத்த கறுத்த, பாரமான சிறு கனங்களை அவர் கவனித்து ஆய்வுக்கு அனுப்ப, 1904இல் அது தோரியனைற் என்ற புதுக் கனிமமாக உலகுக்கு அறிமுகமானது. தோரியமும் யுரேனியமும் நிறைந்த கல் அது. கடோலினியம் சேர்ந்த அருமண் தனிமங்களும் சிறிதளவு உண்டு. கனிமம் தேடி ஊர் ஊராகப் போன அந்தப் பயணங்களில் கிராமத்துக் கைவினைஞர்களைக் கண்டதுதான் அவரை வேறு பாதையில் திருப்பியது. அவருக்கு மச்சான் முறையான பொன்னம்பலம் இராமநாதன், தன் தகப்பனார் கொச்சிக்கடையில் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, இவர் ஆய்வுப் பதவியை விட்டதற்கு அடுத்த வருடம் முழுக் கருங்கல்லில் எழுப்பத் தொடங்கினார். ஒரே குடும்பத்தில் ஒருவர் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார், மற்றவர் கல்லால் என்ன கட்டலாம் என்று பார்த்தார்.

கடோலினியம் தனியாக ஒரு மலையில் கிடைப்பதில்லை. சீரியம், லந்தனம், நியோடைமியம் என்று பெரிய குடும்பத்தோடு கலந்து கிடைக்கும். மொனசைற் என்ற செம்மஞ்சள் மணல்மணியிலும் அது சிறு பங்காக உண்டு. புல்மோட்டைக் கரையில் இல்மனைற், ருட்டைல், சிர்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் கிடக்கிறது. அக்கரையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் அது இன்னும் தாராளம். அந்த மணலின் விலை வெளியே தெரிந்த விதம் வேடிக்கையானது: திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் சோம்பெர்க் என்ற ஜெர்மனியர் கவனித்து, அது வந்த கரையைத் தேடிப் பிடித்தார். அப்போது எல்லாருக்கும் வேண்டியிருந்தது தோரியம், வாயு விளக்கின் வலைக்காக. கடோலினியத்தை யாரும் கேட்கவில்லை. இன்று உலகுக்கு வேண்டிய கடோலினியத்தில் பெரும்பகுதியைச் சீனாதான் பிரித்துத் தருகிறது. வேதியியல் குணத்தில் ஒன்றையொன்று ஒத்த பதினைந்து தனிமங்களை அமிலத்திலும் கரைப்பானிலும் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் மாறி மாறிக் கலக்கிப் பிரிக்க வேண்டும். அந்த வேலையின் அழுக்கை ஏற்கவும் அதன் நுட்பத்தைப் பழகவும் சீனா முன்வந்தது. மற்ற நாடுகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலில் கடோலினியமும் இருந்தது. கொழும்புக்கு வரும் மருந்துக் குப்பியின் லேபலில் எந்த மண்ணின் கடோலினியம் என்று எழுதியிருப்பதில்லை.

உலோகமாகக் கிடைத்த கடோலினியத்தை அப்படியே உடம்புக்குள் விட முடியாது. அதன் அயனி பருமனில் கல்சியம் அயனிக்கு மிக அண்மையானது. கல்சியம் போகும் வாசலில் போய் நின்று வழியை அடைத்துவிடும். இதயமும் தசையும் நரம்பும் கல்சியத்தை நம்பி இயங்குபவை, ஆகவே அது நஞ்சு. ஆனால் அதற்கு ஒரு அரிய குணம் இருந்தது. ஏழு எலெக்ட்ரோன்கள் சோடி சேராமல் அதில் தனித்து நிற்கின்றன, அதனால் அதன் காந்தத்தன்மை மிக வலிது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பார்ப்பது உடம்பின் நீரிலுள்ள ஐதரசனை. கடோலினியம் அருகில் இருந்தால் அந்த நீரின் சமிக்ஞை விரைந்து மீள்கிறது, படத்தில் அந்த இடம் வெளுக்கிறது. நஞ்சையும் நன்மையையும் பிரிக்க ஒரு பிடி தேவைப்பட்டது. மேற்கு பேர்லினில் ஷெரிங் கம்பனியில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மானும் கூட்டாளிகளும் டி.டி.பி.ஏ. என்ற மூலக்கூறால் அந்த அயனியைச் சுற்றிப் பிடித்தார்கள். 1981இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1983இல் மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார்கள், 1988இல் மக்னவிஸ்ற் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பிடிக்குள் இருக்கும் கடோலினியம் உயிரணுவுக்குள் நுழையாது, எதிலும் ஒட்டாது, மாறாமல் சிறுநீரகத்தால் வெளியேறும். இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை மருந்தாக்கின. பின்னால் வந்த தொல்லைகளுக்கும் இவைதான் திறவுகோல்.

இலங்கைக்குள் வரும் குப்பிக்குத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் பதிவு வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. கட்டுநாயக்காவிலோ கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்திலோ இறங்கி, களஞ்சியத்தைக் கடந்து, ஸ்கான் அறைக்குப் பக்கத்து மேசைக்கு வரும். வெள்ளவத்தை ஹம்டன் லேனிலிருந்தோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்தோ போகிற நோயாளி அதைப் பார்ப்பதுகூட இல்லை. "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ, இப்ப விடுங்கோ" என்ற குரலும் இயந்திரத்தின் இடிப்பும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஏன் இந்தப் படம்? 'நெஞ்சு படபடக்குது, நாடி தாறுமாறாய் அடிக்குது' என்று வரும் முதியவர்களில் பலருக்கு ஏ.எஃப். என்று வைத்தியர் எழுதுவார். பாடசாலையில் சோணையறை என்று படித்த மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது, அறுநூறு என்று நடுங்கும் நோய். இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பாரிசவாதம். மேலறைச் சுவரில் தசை அழிந்து அந்த இடத்தை நார் பிடிப்பதும் ஏ.எஃப். தொடர்வதும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நார் விழுந்த இடத்தில் மின்னோட்டம் நேரே போக முடியாமல் சுற்றிச் சுழலும், அந்தச் சுழற்சி நடுக்கத்தை நிறுத்தவிடாது. 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேரும் குழுவினரும் இந்த நடுக்கம் பெரும்பாலும் நுரையீரல் நாளங்களின் வாயிலிருந்து கிளம்புகிறது என்று காட்டினார்கள். அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டு மின்தொடர்பைத் துண்டிக்கும் சிகிச்சை அதிலிருந்து பரவியது. சிலருக்கு அது நிரந்தரமாகச் சரிவரும், சிலருக்குச் சில மாதத்தில் திரும்பி வரும். யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே அறிய மேலறைச் சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடோலினியம் அதைக் காட்டும் முறையை வெள்ளவத்தைக்காரருக்கு விளக்குவது சுலபம். பெருமழை பெய்தால் காலி வீதியிலும் குறுக்கு லேனிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் நிற்கும். மழை விட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் வீதி காய்ந்திருக்கும், கான் அடைத்த லேனில் மட்டும் தண்ணீர் மினுங்கும். மருந்து ஏற்றியவுடன் எடுத்த படத்தில் எல்லாம் ஒன்றுபோல வெளுத்திருக்கும். பத்து, இருபது நிமிடம் பொறுத்து எடுத்தால் உயிருள்ள தசையிலிருந்து மருந்து கழுவுண்டு போயிருக்கும். தழும்பில் உயிரணு குறைவு, நாரிழைகளுக்கிடையே வெளி அதிகம், இரத்த ஓட்டமோ மந்தம். ஆகவே மருந்து நுழைந்து தங்கிப் பிந்தும். நல்ல தசை கறுப்பாக விழும்படி இயந்திரத்தின் நேரத்தைச் சரிசெய்தால் தழும்பு வெள்ளையாகத் துலங்கும். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிம், ரொபர்ட் ஜட் குழு 2000இல் மாரடைப்பால் பாதிக்கப்பட்ட கீழறைத் தசையில் இது எவ்வளவு பயன்படுகிறது என்று எழுதியபோது இதய வைத்தியம் முழுதும் திரும்பிப் பார்த்தது.

கீழறைச் சுவர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு, மேலறைச் சுவர் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். படத்தின் ஒரு கூறு ஒன்றேகால் மில்லிமீற்றர் அகலமும் இரண்டரை மில்லிமீற்றர் ஆழமும். சுவரே ஒன்றிரண்டு கூறுக்குள் முடிந்துவிடும். இதயம் துடிக்கிறது, நோயாளி மூச்சு விடுகிறார், பக்கத்திலேயே மருந்து நிறைந்த இரத்தம் வெளுத்து நிற்கிறது. உதரவிதானத்தின் அசைவைப் பின்தொடர்ந்து, ஈ.சி.ஜி.யின் ஒவ்வொரு துடிப்பிலும் அதே தருணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, பல நிமிடங்கள் சேர்க்க வேண்டிய படம். எந்த நோய்க்காகப் படம் எடுக்கிறார்களோ அந்த நோயே துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துப் படத்தைக் கெடுக்கும் என்பது இதில் பெரிய கேலி. 2007இல் பொஸ்ரனில் டானா பீட்டர்ஸும் குழுவினரும் சுட்ட பிறகு மேலறைச் சுவரில் விழுந்த தழும்பை இப்படிப் படம் பிடித்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் நசீர் மரூஷின் குழு இன்னும் துணிந்தது: சுடுவதற்கு முன்னரே சுவரில் இருக்கும் நாரை அளந்தது. சுவரில் நூற்றுக்குப் பத்துக்குக் குறைந்தால் முதல் படி, பத்து முதல் இருபது வரை இரண்டாம் படி, இருபது முதல் முப்பது வரை மூன்றாம் படி, அதற்கு மேல் நான்காம் படி.

இந்தப் படிகளைப் பல நாட்டில் சோதித்த டிகாஃப் ஆய்வு 2014இல் வெளிவந்தது. 15 மையங்களில் 329 பேர் சேர்ந்தார்கள், 57 பேரின் படம் தரம் போதாது என்று தள்ளுண்டது. ஆறிலொருவர். மீதியில் முதல் படியில் இருந்தவர்களில் 325 நாளில் 15.3 வீதத்தினருக்கு நோய் திரும்பியது, நான்காம் படியில் 51.1 வீதத்தினருக்கு. தழும்பு கூடினால் சிகிச்சை தோற்கிறது என்பது தெளிவாயிற்று. அடுத்த எண்ணம் தானாக வந்தது: தழும்பைப் படத்தில் பார்த்து அதையும் சேர்த்துச் சுட்டால் என்ன? இரண்டாவது டிகாஃப் ஆய்வில் 10 நாடுகளில், 44 மையங்களில் 843 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 2022இல் முடிவு வந்தது. நாள வாய்களோடு தழும்பையும் சுட்டவர்களில் 43 வீதத்தினருக்கு நோய் திரும்பியது, வழமையான முறையில் 46.1 வீதத்தினருக்கு. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. அதற்கு மேல், தழும்பைச் சுட்ட குழுவில் 1.5 வீதத்தினருக்குப் பாரிசவாதம் வந்தது, மற்றதில் ஒருவருக்கும் இல்லை. என் பார்வையில் இந்த உலோகத்தின் வரலாற்றில் மிக முக்கியமான பக்கம் இதுதான். எங்கே தழும்பு என்று காட்டும் வேலையைக் கடோலினியம் செய்தது. காட்டிய இடத்தில் கைவைத்தால் போதும் என்று நினைத்தது மனிதர்.

இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு வெளுத்தால் தழும்பு என்ற எல்லைக்கோட்டை ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன்னிட்டப்படி போடுகிறது. சுவரின் வெளுப்பை இரத்தத்தின் வெளுப்போடு ஒப்பிட்டு பார்சலோனா 1.2 மடங்கு என்கிறது, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 0.97 என்கிறது. ஒரே இதயத்துக்கு இரண்டு கணக்கு. முதல் டிகாஃபின் மையங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தவை. நம் பக்கத்தில் ஏ.எஃப். வரும் வழி சில வேளை வேறு: சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த வாதக் காய்ச்சல், அதனால் சுருங்கிய மைற்றல் வால்வு, அதனால் வீங்கி நார் பிடித்த மேலறை. அந்த மேலறையின் தழும்பை யூட்டாவின் படியில் வைத்து ஒரு கொட்டாஞ்சேனைக்காரரின் சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கு எனக்கு மனம் வராது.

தங்கிப் பிந்தும் குணம் தழும்பில் பயன் தந்தது. சிறுநீரகம் பழுதானவரிடம் அதே குணம் ஆபத்தானது. வெளியேற வழியில்லாமல் நாட்கணக்கில் தங்கினால், நீண்ட சங்கிலிபோல் திறந்த அமைப்புள்ள பழைய பிடிகள் தளர்ந்து உலோகம் வெளியே வரும். 1997 முதல் அமெரிக்காவில் டயலிசிஸ் செய்யும் சிலருக்குத் தோல் தடித்து இறுகி மூட்டு மடக்க முடியாமல் போனது. ஷோன் கௌப்பர் 2000இல் இதைப் புது நோயாக எழுதினார். காரணம் தெரியவில்லை. 2006இல் ஆஸ்திரிய வைத்தியர் தோமஸ் குரோப்னர் அந்த நோயாளிகள் கடோலினிய மருந்து ஏற்றியவர்கள் என்று சுட்டிக்காட்டினார். அந்த நோய் நார் பிடிக்கும் நோய், சில வேளை இதயத்தையும் பிடிக்கும். நாரைத் தேடப் போன உலோகமே நாரை உண்டாக்கியது. 2007இல் அமெரிக்கா கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. ஐரோப்பா 2017இல் பழைய பிடிகளில் பலவற்றை நிறுத்திவைத்தது. வளையமாக மூடிய, தளராத பிடிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன.

மதவாச்சி, பதவிய பக்கத்தில் 1990கள் முதல் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கும் நாட்டில் இது தூரத்துச் செய்தி அல்ல. ஸ்கானுக்கு முன் கிரியற்றினின் றிப்போட் எங்கே என்று கேட்டால் 'இதயப் படத்துக்கு எதுக்குச் சிறுநீரகக் கணக்கு' என்று சினப்பவர்கள் உண்டு. கேட்பதில்தான் நன்மை.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒன்றரை மணிக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறைந்து, மறுநாள் காலைக்குள் பெரும்பகுதி வீட்டு மலசலகூடத்துக்குப் போய்விடும். கொழும்பு மாநகரின் கழிவுநீர் இரண்டு இடங்களில், வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும், கடலுக்குள் நீளும் குழாய்களால் நெடுங்காலமாக விடப்பட்டு வருகிறது. கொட்டாஞ்சேனைக்காரரின் கடோலினியம் முகத்துவாரப் பக்கத்தாலும் வெள்ளவத்தைக்காரரின் கடோலினியம் வெள்ளவத்தையாலும் இந்து சமுத்திரத்தில் சேரும்.

இந்தத் தடத்தை முதலில் பார்த்தவர்கள் மிகேல் பௌவும் பீட்டர் டுல்ஸ்கியும், 1996இல், ஜெர்மனியில். ஆற்றுநீரில் அருமண் தனிமங்களின் அளவை வரிசையாக வைத்தால் ஒரு சீரான கோடு வர வேண்டும், கடோலினியம் மட்டும் அதில் துருத்தி நின்றது. வைத்தியசாலைகள் மிகுந்த நகரங்களின் கீழே அது உயரமாக நின்றது, பேர்லினிலும் அப்படித்தான். 2016இல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அது இருபது வருடத்தில் பன்மடங்கு கூடியிருப்பதாக எழுதினார்கள். 2019இல் ஜெர்மனியின் ஆறு நகரங்களில் குழாய்நீரிலும், துரித உணவுக் கடைகளில் அந்த நீரால் கலந்து விற்கும் கோலாவிலும் அதைக் கண்டார்கள். அளவு மிகச் சிறிது, உடம்புக்கு ஆபத்து என்று சொல்லும் அளவில் இல்லை. அந்த நகரங்களில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இல்லை. சேற்றில் ஒட்டும் பொருளைத்தான் நிலையம் பிடிக்கும், பிடிக்குள் இருக்கும் கடோலினியம் எதிலும் ஒட்டாது. சிறுநீரக நோயாளிக்காக எவ்வளவு இறுக்கமான வளையத்தை வேதியியலாளர் கட்டுகிறாரோ, அவ்வளவுக்கு நீரிலிருந்து அதை எடுப்பது கடினமாகிறது. ஆற்றுப் பக்கம் இருந்து பார்க்கும் கழிவுநீர்ப் பொறியியலாளருக்கும் வார்ட்டிலிருந்து பார்க்கும் வைத்தியருக்கும் இந்த விடயத்தில் ஒத்துப்போகாது. இப்போதைக்கு வைத்தியர் சொல்வதே நடக்கிறது.